புதிதாய்க் கூடுவோரும் மேகநோய்களும்

(கிராம சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எருக்குழி வெட்டுவதைப் பற்றியும், குடிநீர்க் கிணற்றுக்கு மருந்திடுவதைப் பற்றியும், கோழிகளுக்கு வரும் கொள்ளை நோயைப் பற்றியும் இத்தகைய மேடைகளில் பேச எவருக்கும் கூச்சம் உண்டாவதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் அப்படிப்பட்டதன்று. பஞ்சாயத்துத் தலைவர் அவர்களிடம் அதை முன்னதாகவே தெரிவித்தபோது, அவர் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "தாய்மார்களும் வருவார்களே" என்றார். தாய்மார்கள் வருவதனாலேயே இதைப் பேச வேண்டுமென்று நான் கேட்டுக்கொண்டேன். இந்நோய்களால் மிகுதியும் துன்புறுகிறவர்கள் அவர்களே. இவற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டுவைத்திருப்பதும் அவர்களுக்கே. தலைவர் அவர்கள் பெரிய மனது செய்து இணங்கினார். அவருக்கு என் வந்தனம்.

விஷயம் இதுதான். ஒருவரோடொருவர் முன்பு கூடியறியாத இருவர் முதன்முதலாகக் கூடும்போது, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மேகநோய்கள் தொற்றக்கூடிய அபாயம். அவ்விருவரும் தாலி கட்டிய தம்பதிகளாயிருக்கலாம், காதலித்துக் கலியாணத்துக்குக் காத்திருப்பவர்களாயிருக்கலாம், ஆணும் ஆணுமாயிருக்கலாம், ஊர்விட்டு ஊர் சென்ற இடத்தில் ஓரிரவு சந்தித்தவர்களாயுமிருக்கலாம். இவர்களுள் யார் செய்வது தர்மம், யார் செய்வது அதர்மம் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. கிருமிக்குத் தாலி கண்ணில் படுவதில்லை.

முதலில், நான் கண்ணாரக் கண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். ஊரையும் பெயரையும் மறைத்து, அடையாளங்களையும் மாற்றியே சொல்லுகிறேன். ஆகையால் இன்னார்தானோ என்று ஒருவரும் ஊகிக்க முயல வேண்டாம். சில வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்த்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, கலியாணமாகி ஆறு மாதமான ஒரு பெண் வந்தாள். நான்கு மாத கர்ப்பம். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் செய்வதுபோல் அவளுக்கும் இரத்தப் பரீட்சை செய்ததில், கிரந்தி நோய் இருப்பதாகத் தெரியவந்தது. பறங்கிப் புண் என்று நம் முன்னோர் சொன்னதும், ஆங்கில வைத்தியர்கள் சிபிலிஸ் என்பதும் அதுவே. அப்பெண்ணின் உடம்பில் ஒரு புண்ணும் இல்லை, ஒரு வலியும் இல்லை. உடன் வந்த மாமியார் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, "எங்கள் வம்சத்தில் இந்த வியாதி கிடையாது டாக்டரய்யா, இவள் எங்கே வாங்கி வந்தாளோ" என்றார். மகனையும் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் அனுப்பவில்லை. மருமகளைத்தான் தாய்வீட்டுக்கு அனுப்பினார்.

அவள் தாய்வீட்டிலிருந்தே வாரத்துக்கொரு முறையாக மூன்று முறை வந்து பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் தன் தகப்பனாரோடு வருவாள். அந்த மனிதர் உள்ளே வராமல் வேப்பமரத்தடியிலேயே நிற்பார். கடைசி ஊசி போட்டுச் சில நாள் கழித்து, விளக்கு வைக்கும் நேரத்தில், எல்லோரும் போன பிறகு புருஷன் வந்தான். கலியாணத்துக்கு நான்கு மாதம் முன்பு, தான் மில்லில் வேலையாயிருந்த ஊரில், ஒரே ஒரு தடவை ஒருத்தியிடம் சென்றதாகவும், மூன்று வாரம் கழித்து உறுப்பில் மிளகளவு ஒரு புண் உண்டானதாகவும், அது வலிக்கவேயில்லை என்றும், கடையில் வாங்கிய களிம்பைத் தடவினதில் ஒரு மாதத்துக்குள் தழும்பும் தெரியாமல் ஆறிவிட்டதென்றும் சொன்னான். "ஆறிவிட்டதே என்றுதான் கலியாணத்துக்குச் சம்மதித்தேன்" என்றான். இதில் நான் முக்கியமாகக் கருதுவது, அவன் பொய்யன் அல்லன் என்பதே. அந்தப் புண் களிம்பு தடவாவிட்டாலும் ஆறியிருக்கும். மூன்று முதல் ஆறு வாரத்தில் தானே ஆறுவது அதன் சுபாவம். புண் மறைந்த பிறகு கிருமி இரத்தத்தில் பரவிக்கிடக்கும். முதல் ஒன்றிரண்டு வருஷங்களுக்கு, கூடுகிறவருக்குத் தொற்றும். கர்ப்பத்திலுள்ள சிசுவுக்கோ அதற்குப் பின்னும் பல வருஷம் தொற்றும்.

அவனுக்கும் ஊசி போட்டோம். பிரசவத்துக்கு வெகு காலம் முன்பே தாய்க்குச் சிகிச்சை முடிந்துவிட்டபடியால் குழந்தை குறையின்றிப் பிறந்தது. அப்பெண் தாய்வீட்டிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டாள். ஆனால் நாற்பது நாள் அவள் சுமந்த பழிக்குப் பெனிசிலினில் மருந்து இல்லை. நோய் அவளிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணம், அவளுக்குத்தான் முதலில் இரத்தப் பரீட்சை செய்யப்பட்டது என்பதே. நம் நாட்டில் கர்ப்பிணிக்குப் பரீட்சை உண்டு, மாப்பிள்ளைக்கு இல்லை. ஆகவே கண்டுபிடிக்கப்பட்டவளே கொண்டுவந்தவள் என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இனி, 'முதல் தடவை' என்ற சொல்லைச் சற்று ஆராய்வோம். இருவர் கூடுவது அவர்களுக்குள் முதல் தடவை என்பது வேறு. ஒவ்வொருவருடைய ஆயுளிலும் அது முதல் தடவை என்பது வேறு. முன்னதைக் கண்டு பின்னதையும் உண்டென்று எண்ணுவதே இந்த அபாயத்தின் வேர். சங்கிலி ஏரிகள் உள்ள நாட்டார் நீங்கள். கீழேரிக்கு வந்து சேர்வது அதற்கு அடுத்த ஏரியின் தண்ணீர் மட்டுமா? அதற்கு மேலேரி, அதற்கும் மேலேரி, அத்தனையும் கலங்கல் வழிந்த நீரல்லவா? ஒருவரோடு கூடுகிறவர், அவர் முன்பு கூடியவர்களோடும், அவர்கள் கூடியவர்களோடும் இவ்விஷயத்தில் சம்பந்தப்பட்டுவிடுகிறார். அந்த மேலேரிகளை அவர் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்.

முதல் தடவையிலேயே நோய் ஒட்டாது என்று வாலிபர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். மேகவெட்டை எனப்படும் நோயுள்ள ஸ்திரீயோடு ஒரே தடவை கூடும் புருஷர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அது தொற்றுகிறது. நோயுள்ள புருஷனோடு ஒரே தடவை கூடும் ஸ்திரீக்கோ அபாயம் அதிலும் பெரிது, இருவரில் ஒருவருக்கு என்றே கணக்கிடுகிறார்கள். எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமியின் விஷயம் வேறு. சிகிச்சை செய்துகொள்ளாத புருஷனிடமிருந்து ஸ்திரீக்குச் சாதாரணச் சேர்க்கையில் அது தொற்றுவது பதினாயிரம் தடவைக்கு எட்டுத் தடவை என்பது பொதுவான கணிப்பு. குதவழிச் சேர்க்கையில் ஏற்பவருக்கு அது நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல். எட்டு என்ற எண்ணைக் கேட்டு ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. கிருமி உடம்பில் புகுந்த முதற் சில வாரங்களில் இரத்தத்தில் அதன் பெருக்கம் மிக அதிகமாதலால் அபாயமும் பலமடங்காகும். இருவரில் ஒருவருக்குக் கிரந்திப் புண் போன்ற புண் இருந்தாலும் அவ்வாறே. அந்தச் சில வாரங்களில் நோயாளிக்கே தன் நிலைமை தெரியாது.

வெளியடையாளம் இல்லாமை இந்நோய்கள் பலவற்றுக்கும் பொதுக் குணம். மேகவெட்டை புருஷனுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழும் எரிச்சலுமாக வெளிப்பட்டுவிடும். ஸ்திரீகளில் அநேகருக்கு ஒன்றும் தெரியாது. கிளமீடியா என்றொரு நோய் உண்டு. நம் வைத்திய நூல்களில் அதற்குத் தனிப்பெயர் இல்லை. இருந்தும் உலகத்தில் மிகப் பரவியுள்ள மேகநோய்களுள் அது ஒன்று. அது பற்றிய ஸ்திரீகளில் பெரும்பான்மையோருக்கும் புருஷர்களில் பாதிப்பேருக்கும் அடையாளமே தோன்றுவதில்லை. சில ஸ்திரீகளுக்கு அது உள்ளே கருக்குழாயைப் புண்ணாக்கி அடைத்துவிடும். பிறகு குழந்தையில்லை என்று கோயில் கோயிலாகச் சுற்றுவதும், மலடி என்ற பெயர் சுமப்பதும், சில வேளை புருஷன் மறுமணம் செய்துகொள்வதும் நடக்கின்றன. அடைத்தது யாரென்று ஒருவரும் கேட்பதில்லை.

மாடு வளர்ப்பவர்களுக்கு இது புதிதன்று. ஒரு ஊரில் பசுக்கள் வரிசையாகச் சினை தங்காமலும் கன்று வீசியும் போனால், கால்நடை வைத்தியர் முதலில் பார்ப்பது ஊர்ப் பொலிகாளையைத்தான். காளை கொழுத்துப் பளபளவென்றிருக்கும், தீனியில் குறைவிராது, உடம்பில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஆயினும் கிருமி அதனிடம் தங்கிப் பசுவுக்குப் பசு போயிருக்கும். இதைக் கேட்டு ஒருவரும், "எங்கள் காளை நல்ல வம்சமாயிற்றே" என்று வைத்தியரோடு சண்டை பிடிப்பதில்லை. மனிதர் மாடல்லர் என்பது எனக்குத் தெரியும். மனிதனுக்கு வாயுண்டு, கேட்கவும் சொல்லவும் கூடும் என்பதைத்தான் நான் வித்தியாசமாகக் கருதுகிறேன்.

கன்னிமையைப் பற்றி நம்மவர்களிடையே வழங்கும் சில அபிப்பிராயங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கன்னியோடு கூடினால் மேகம் தீரும் என்பது ஒன்று. இக்கொடுமையான எண்ணம் நம் தேசத்தில் மட்டுமல்ல, இங்கிலாந்திலும் ஆப்பிரிக்காவிலும் இருந்திருக்கிறது. இதனால் நோயாளி குணமடைவதில்லை. நோயாளிகள் ஒருவர் இருவராகிறார்கள். முதலிரவில் உதிரம் கண்டால்தான் பெண் சுத்தம் என்பது மற்றொன்று. அநேகம் கன்னிப் பெண்களுக்கு உதிரம் காண்பதேயில்லை. ஆகவே அதைக் கொண்டு ஒருத்தியின் நடத்தையை அளப்பது அநியாயம். உதிரம் கண்டாலோ, உள்ளே சிறு கீறல் உண்டாகியிருக்கிறதென்று பொருள். அக்கீறலே கிருமி நுழையும் வாசலாகும். அன்றியும் இளவயதுப் பெண்களுக்குக் கருப்பை வாயின் மென்தோல் முதிராமலிருப்பதால் சில கிருமிகள் எளிதில் பற்றுகின்றன. முதல் கூட்டத்தைப் பெண்ணின் சுத்தத்துக்குச் சோதனையாக நாம் வைத்திருக்கிறோம். உண்மையில் அன்று பெரிய அபாயத்துக்கு உட்படுகிறவள் அவளே.

இது மனக்கற்பனை அன்று. 1986ஆம் வருஷ ஆரம்பத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்றுகொண்டிருந்த நிர்மலா அம்மையாரும் சேகரித்த இரத்தத்தை வேலூரில் பரீட்சித்ததில், எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. டாக்டர் அம்மையார் பின்னர் சென்னையில் நிறுவிய சிகிச்சை நிலையத்துக்கு வந்த நோயாளி ஸ்திரீகளின் வரலாறுகளை ஆராய்ந்து, 2000ஆம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. அந்த ஸ்திரீகளில் மிகப் பெரும்பான்மையோர் தங்கள் புருஷனையன்றி வேறொருவரை அறியாதவர்கள். அவர்களுக்கு அபாயம் வந்த வழி விவாகமே.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? இருவரும் கூடுவதற்கு முன் இருவருமே பரீட்சை செய்துகொள்வது. ஒருவர் மட்டும் செய்துகொள்வது பயனில்லை. பெண்ணை மட்டும் செய்யச் சொல்வது அநியாயம். நம் ராஜ்யத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்ற பெயரோடு ஓர் அறை இருக்கிறது. எச்.ஐ.வி. பரீட்சை அங்கே இலவசம். முன்னும் பின்னும் ஆலோசனை சொல்ல ஆள் உண்டு. சொன்னது வெளியே போகாது. மற்ற மேகநோய்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் சுகவாழ்வு மையம் இருக்கிறது. கிரந்திக்கு இரத்தப் பரீட்சையும், ஹெபடைடிஸ் பி என்னும் காமாலைக்கு இரத்தப் பரீட்சையும் செய்துகொள்ளலாம். வெட்டைக்கும் கிளமீடியாவுக்கும் சிறுநீரைக் கொண்டே பரீட்சிக்கும் முறை வந்திருக்கிறது. ஆனால் அது பெரிய பட்டணங்களிலேயே எளிதாய்க் கிடைக்கும்.

பரீட்சையைப் பற்றி ஒரு நுட்பத்தை வாலிபர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். விதைத்த மறுநாளே வயலைப் பார்த்து முளைக்கவில்லை என்று சொல்லுவார் உண்டா? கிருமி புகுந்த மறுநாள் செய்யும் இரத்தப் பரீட்சையும் அத்தகையதே. எச்.ஐ.வி. பரீட்சையில் ஆய்வுக்கூடத்தில் செய்யும் புதிய முறையில் 45 நாளிலும், விரலில் குத்திச் செய்யும் துரித முறையில் 90 நாளிலும்தான் 'இல்லை' என்ற விடையை முற்றும் நம்பலாம். கிரந்திக்கும் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆகவே கடைசியாக நேர்ந்த சேர்க்கைக்குப் பின் மூன்று மாதம் கழித்துச் செய்த பரீட்சையே சாட்சியாகும். அதுவரையில் ஆணுறையை உபயோகிக்க வேண்டும். அரசாங்கத்தார் 1968ஆம் வருஷம் நிரோத் என்ற பெயரால் அதை ஊரூராகப் பரப்பியபோது, பிள்ளைப்பேற்றைத் தடுப்பதற்கென்றே சொல்லிப் பரப்பினார்கள். அதனால் இன்றும் நம் ஜனங்கள் அதைக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமான் என்றே நினைக்கிறார்கள். வேறு முறையில் கர்ப்பத்தைத் தடுத்துக்கொண்டவர்கள் இது எதற்கு என்று தள்ளிவிடுகிறார்கள். கர்ப்பத்தடை மாத்திரை எந்தக் கிருமியையும் தடுப்பதில்லை. ஆணுறையோ, தொடக்கம் முதல் முடிவு வரையில் அணிந்தால், எச்.ஐ.வி., வெட்டை, கிளமீடியா ஆகியவற்றை நன்றாகவும், தோலோடு தோல் பட்டுப் பரவும் கிரந்தி, அக்கி போன்றவற்றை ஓரளவுக்கும் தடுக்கும். கூடிய பின் எலுமிச்சஞ்சாறு விட்டுக் கழுவுவதும், உடனே சிறுநீர் கழிப்பதும் தடுப்பாகமாட்டா. எலுமிச்சஞ்சாறு தோலைப் புண்ணாக்கி வாசலை இன்னும் அகலத் திறந்துவிடும்.

சில நோய்களுக்குத் தடுப்பூசி உண்டு. காமாலைக்குரியதை இப்போது குழந்தைப் பருவத்திலேயே போட்டுவிடுகிறார்கள். போட்டுக்கொள்ளாத பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா கிருமிக்குப் பூனாவில் தயாரான தடுப்பூசி 2023ஆம் வருஷம் ஜனவரியில் வெளியிடப்பட்டது. அதை 9 முதல் 14 வயதுக்குள், அதாவது சேர்க்கை என்பதே அறியுமுன் போடுவது மிகச் சிறந்தது. பெண்ணுக்கு நகை சேர்க்கத் தொடங்கும் வயதில் இதையும் சேர்த்து நினையுங்கள்.

இவ்வளவு அபாயமானால் கலியாணத்துக்கு முன் பரீட்சை கட்டாயம் என்று சர்க்கார் ஒரு சட்டம் செய்துவிட்டால் என்ன என்று, போன மாதம் வேறோர் ஊரில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பலவந்தத்தின் கதை நமக்குத் தெரியும். பிரிட்டிஷார் 1868ஆம் வருஷம் இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்று செய்தார்கள். பட்டாளத்தாருக்கு மேகநோய் வராமலிருக்க வேண்டுமென்பது நோக்கம். அதன்படி பொதுமகளிரைப் பதிவு செய்து, பலவந்தமாய்ப் பரீட்சித்து, நோய் கண்டவர்களை 'லாக்' ஆஸ்பத்திரி என்ற இடங்களில் அடைத்து வைத்தார்கள். அவர்களிடம் சென்ற புருஷர்களை அச்சட்டம் தொடவில்லை. ஸ்திரீகள் ஒளிந்தார்கள், நோய் ஒழியவில்லை. 1888ஆம் வருஷம் சட்டம் நீக்கப்பட்டது. பின்னாளில் அமெரிக்காவில் இல்லினாய் ராஜ்யத்தார் 1988ஆம் வருஷம் ஜனவரி முதல், எச்.ஐ.வி. பரீட்சையின்றிக் கலியாண லைசென்ஸ் இல்லையென்று சட்டம் செய்தார்கள். முதல் ஆறு மாதத்தில் 70,846 பேரைப் பரீட்சித்ததில் நோய் கண்டவர் எட்டுப்பேர். அநேகம் ஜோடிகள் எல்லை தாண்டிப் பக்கத்து ராஜ்யங்களில் போய்க் கலியாணம் செய்துகொண்டார்கள். மறு வருஷமே அச்சட்டத்தையும் எடுத்துவிட்டார்கள். அன்றியும் நம்மூரில் இப்படியொரு சட்டம் வந்தால், ஐந்நூறு ரூபாய்க்குச் சர்டிபிகேட் எழுதிக்கொடுக்க ஆட்கள் கிளம்பமாட்டார்கள் என்று என்னால் உறுதி கூற முடியாது.

நம் தேசத்தின் நியாயஸ்தலங்களும் இதில் தடுமாறியே வந்திருக்கின்றன. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே தெரிந்து அவருடைய கலியாணம் நின்றுபோன வழக்கில், 1998ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், அத்தகையவருக்கு நோய் தீரும்வரை விவாக உரிமை இல்லை என்ற கருத்தைத் தெரிவித்தார்கள். 2002ஆம் வருஷம், அக்கருத்து அவ்வழக்குக்கு அவசியமில்லாதது என்று மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தீர்த்தது. 2017ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. ஒருவருடைய சம்மதமின்றி இப்பரீட்சை செய்யலாகாது, முடிவை வெளியிடலாகாது என்பது அதன் பொதுவிதி; நோயுள்ளவரும் தம்மோடு கூடுபவருக்குத் தொற்றாதபடி பாதுகாப்பான முறைகளைக் கைக்கொள்ள வேண்டுமென்றும் அது கூறுகிறது. ஆகவே பெண் வீட்டாரோ பிள்ளை வீட்டாரோ ஆஸ்பத்திரிச் சிப்பந்திக்குப் பணம் கொடுத்து முடிவைத் தெரிந்துகொள்ளப் பார்ப்பது குற்றத்துக்குத் துணைபோவது. சம்பந்தப்பட்ட இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே வழி.

பரீட்சையில் 'உண்டு' என்று வந்துவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று எண்ணுவதனாலேயே ஜனங்கள் பரீட்சைக்கு அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பழைய காலத்துக்கு உரியது. கிரந்திக்கு 1910ஆம் வருஷத்தில் வந்த மருந்து பாஷாணக் கலப்புள்ளது. மாதக்கணக்காக ஊசி போட்டுக்கொண்டு வாந்தியும் வேதனையுமாய்க் கிடக்க வேண்டும். 1943ஆம் வருஷம் அமெரிக்காவில் நான்கு நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்ததிலிருந்து அக்கஷ்டம் போயிற்று. ஆரம்ப நிலையிலுள்ள கிரந்தியை இன்று ஒரே வேளையில் போடும் ஊசி தீர்க்கிறது. வெட்டைக் கிருமி மட்டும் பல மருந்துகளை வென்று பழகிவிட்டது. அதனால் மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கித் தின்பது வீண். சிகிச்சையும் இருவருக்கும் ஒருங்கே நடக்க வேண்டும். கரையில் இரண்டு உடைப்பு இருக்க, ஒன்றை மட்டும் அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் உண்டா?

எச்.ஐ.வி. கிருமியை முற்றும் ஒழிக்கும் மருந்து பொதுவில் கைக்கு வரவில்லை. ஆனால் 2004ஆம் வருஷம் முதல் அரசாங்கத்தார் இலவசமாய்க் கொடுத்துவரும் மாத்திரைகளை நாள்தோறும் தவறாமல் உண்டு, இரத்தத்தில் கிருமி அளவிட முடியாதபடி குறைந்து அந்நிலையிலேயே நின்றுவிட்டால், சேர்க்கையினால் அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்று 2016, 2019 வருஷங்களில் ஐரோப்பாவிலிருந்து வெளியான பெரிய ஆராய்ச்சிகளில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நான் முன் சொன்ன சுனிதி சாலமன் அம்மையார், 2015ஆம் வருஷம் காலமாகும் முன், இந்நோயுள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் தாமே முன்னின்று பொருத்தம் பார்த்துக் கலியாணம் செய்துவைத்து வந்தார். இந்தியாவில் நோயை முதலில் கண்டுபிடித்தவரே தரகராகவும் இருந்தது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தரும் செய்தி.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் தங்குவதாகச் சுவரெங்கும் விளம்பரம் ஒட்டும் வைத்தியர்களைத்தான் சொல்லுகிறேன். வாலிபனுக்குத் தூக்கத்தில் விந்து கழிவதை நோயென்று பயமுறுத்தி, பல்லாயிரம் ரூபாய்க்கு லேகியம் விற்கிறார்கள். உண்மையான நோயோடு செல்பவனுக்கும் அதே லேகியம்தான். அவர்களிடம் செல்பவர்கள் எல்லோரும் மூடர்கள் அல்லர். நம் ஆஸ்பத்திரிகளில் வரிசையில் நிற்கையில், ஊரார் காதில் விழும்படி, "உனக்கு என்ன?" என்று சிப்பந்தி கேட்கிறார், லாட்ஜில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார்கள். அக்குறை எங்களுடையது. அதை ஒப்புக்கொள்கிறேன். நேரில் வரக் கூச்சப்படுபவர்கள் 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம். கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதுமில்லை.

கூட்டம் ஆரம்பிக்குமுன் ஒருவர் என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் போனார். அதில் எழுதியிருப்பதன் சாரம்: "எனக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது, இன்னும் இருபது நாளில் முகூர்த்தம். இரத்தப் பரீட்சை செய்துகொள்ளச் சொன்னால், பெண்ணைச் சந்தேகிக்கிறேன் என்று எண்ணி நிச்சயத்தை முறித்துவிடுவார்கள். என்ன செய்வது?"

எழுதியவர் இங்கே இருக்கிறார். அவர் முகத்தை நான் தேடவில்லை. தம்பி, நீங்கள் அவர்களை ஒன்றும் கேட்க வேண்டாம். நாளைக்கே நீங்கள் மட்டும் சென்று உங்கள் இரத்தத்தைக் கொடுங்கள். முடிவைப் பெரியவர்களிடம் அன்று, அந்தப் பெண்ணிடம் நேரே சொல்லுங்கள். போனில் பேசுகிறீர்கள் அல்லவா, இதையும் பேசலாம். "நான் செய்துகொண்டேன், உனக்காகச் செய்துகொண்டேன், நீயும் விரும்பினால் செய்துகொள்" என்று சொன்னால் அவள் அவமானமாக எண்ணமாட்டாள் என்பது என் அனுபவம். மூன்று மாதத்துக்குள் உங்களுக்கு வேறு ஏதேனும் சேர்க்கை நேர்ந்திருந்தால், நாளைக்குச் செய்யும் பரீட்சை போதாது. முகூர்த்தத்தைத் தள்ளவும் வேண்டாம். மூன்று மாதம் நிறைந்து மறுபடியும் பரீட்சிக்கும் வரையில் ஆணுறை உபயோகியுங்கள். அவள் காரணம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சொல்ல நா எழாவிட்டால், இருவருமாக நம்பிக்கை மையத்துக்கு வாருங்கள். அங்குள்ள அம்மாள் எடுத்துச் சொல்லுவார்.

நாளைக் காலை ஒன்பது மணி முதல் நான் ஆஸ்பத்திரியில் இருப்பேன். சீட்டில் கையெழுத்து இல்லை. இருந்தாலும் எழுத்தை அடையாளம் கண்டுகொள்பவர் யாரேனும் இருக்கக்கூடும். ஆகையால் இதை உங்கள் முன்னிலையில் இங்கேயே கிழித்துப் போட்டுவிடுகிறேன்.